மறு: சரவுண்ட் சவுண்ட் – ‘பின்’ வேண்டாம், ‘மருங்கு’ வேண்டும்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். சரவுண்ட் சவுண்ட், அதாவது கேட்பவரைச் சுற்றிலும் ஸ்பீக்கர்கள் வைத்து ஒலி தரும் முறை, அதற்காக நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலைப் பற்றியது இது.

> சுற்றொலி, சூழொலி இரண்டில் ஒன்றை முடிவு செய்துவிட்டால் மற்றவை தாமே வரிசையில் நின்றுவிடும்.

சித்தூர் ஆசிரியர் ஐயா எழுதிய இந்த வரியின் முற்பாதியில் எனக்குச் சண்டையில்லை. சூழொலியே இருக்கட்டும். வினைத்தொகையாக நின்று சூழ்ந்த, சூழ்கிற, சூழும் ஒலி மூன்றையும் அது தாங்கிக்கொள்கிறது. சுற்றொலி என்றால் ஒலியே ராட்டினம்போல் சுற்றுகிறது என்று நினைக்க இடமுண்டு. பிற்பாதிதான் இடிக்கிறது. மற்றவை தாமே வந்து நிற்கவில்லை. ‘சரவுண்ட் லெஃப்ட்’, ‘சரவுண்ட் ரைட்’ என்பவற்றுக்குப் பட்டியலில் ‘பின் இடது’, ‘பின் வலது’ என்று இருக்கிறது. வினை அங்கே தொடங்குகிறது.

கொழிஞ்சாம்பாறையில் ஆடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வருபவர்களில் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர்கள் நிறையப் பேர். வீட்டில் நல்ல ஸ்டீரியோ செட் இருக்கும். ஒரு ஆம்ப்ளிஃபையர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். அதைக் கழிக்காமல் சூழொலி சேர்க்க முடியுமா என்று கேட்பார்கள். தாராளமாக முடியும். ப்ரீ-அவுட் (வெளி ஆம்ப்ளிஃபையருக்குக் குறிகையை, அதாவது சிக்னலை, அனுப்பும் முனை) உள்ள ஏ.வி. ரிசீவர் (சூழொலித் தடங்களைப் பிரித்துப் பெட்டிகளை இயக்கும் கருவி) ஒன்றை வாங்கி, அதன் முன் இடது, முன் வலது முனைகளிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபையருக்கு ஆர்.சி.ஏ. கம்பி கொடுக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரின் ஒலிக்குமிழை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்திவிட்டால் பழைய பெட்டிகளே முன்தடங்களாகிவிடும் (தடம் என்பது சேனல்). மற்ற தடங்கள் ரிசீவரின் பாடு. இசைத்தட்டு கேட்கும் நேரத்தில் ரிசீவரை அணைத்துவிட்டுப் பழைய செட்டை மட்டும் ஓட்டலாம்.

இதற்கான குறிப்புச் சீட்டைத் தமிழில்தான் அடித்துக் கொடுக்கிறேன். அதில் ‘பின் இடது’ என்று போட்டால் பெட்டியைக் கொண்டுபோய்ப் பின்சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெயர் சொன்னதைத்தானே செய்தார்கள்! பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.எஸ். 775 பரிந்துரை 5.1 அமைப்புக்கு (ஐந்து பெட்டிகள், தாழ்ந்த ஒலிக்கென ஒரு பெட்டி) சொல்வது வேறு. கேட்பவருக்கு நேர் எதிரே நடுத்தடம், அதற்கு இருபுறமும் 30 பாகையில் முன்பெட்டிகள், 100 முதல் 120 பாகைக்குள் சரவுண்ட் பெட்டிகள். 90 பாகை என்பது காதுக்கு நேர். 180 பாகை முதுகுக்கு நேர். அப்படியானால் அவை நிற்க வேண்டிய இடம் காதுக்குச் சற்றே பின்தள்ளிய பக்கவாட்டு.

காரணம் காதில் இருக்கிறது. பக்கத்திலிருந்து வரும் ஒலி இரண்டு காதுகளையும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு வலிமையில் தொடுகிறது. ஒலிக்கு நடுவே இருக்கிறோம் என்ற உணர்வு அந்த வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது. நேர் பின்னாலிருந்து வருவது இரண்டு காதுகளுக்கும் ஒன்றாகவே போய்ச் சேரும். முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்து வருகிறதா என்றுகூடத் தடுமாறுவோம்.

ஆகவே நான் முன்வைப்பது இடமருங்கு, வலமருங்கு. மருங்கு பழஞ்சொல்தான், ஆனால் வழக்கொழியவில்லை. ‘சாலையின் இருமருங்கிலும்’ என்று செய்தித்தாள்கள் இன்றும் எழுதுகின்றன. நெம்மாறை ‘வேலா’ கோயில் திருவிழாவுக்குப் போய்ப் பஞ்சவாத்தியம் என்னும் ஐங்கருவி மேளம் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திமிலைக்காரர்கள் ஒரு வரிசை, மத்தளக்காரர்கள் எதிர்வரிசை. திமிலைக்குப் பின்னே இலைத்தாளம், மத்தளத்துக்குப் பின்னே கொம்பு. இரண்டு வரிசைக்கும் இடையே முனையில் நின்று இடைக்கா என்னும் சிறு தோல்கருவி வாசிப்பவரின் காதில் விழுவதுதான் இடமருங்கும் வலமருங்கும்.

இன்னொன்று. சூழொலிக்கு மாற்றாகச் ‘சூழலொலி’யையும் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அதை அங்கிருந்து எடுத்துத் தனிப்பொருள் கொடுக்க வேண்டும். பாட்டைப் பதிவு செய்த அரங்கின் எதிரொலிப்பும் கைத்தட்டலும் சூழலொலி. அது சாதாரண ஸ்டீரியோ பதிவிலேயே இருக்கிறது. 1970-களில் அமெரிக்க ஆடியோ பொறியாளர் டேவிட் ஹாஃப்லரின் பெயரால் பரவிய இணைப்பு அதைத்தான் வெளியே இழுக்கிறது. ஆம்ப்ளிஃபையரின் இரண்டு நேர்முனைகளுக்கும் குறுக்கே ஒரு பெட்டியை இணைத்தால், இடது குறிகைக்கும் வலது குறிகைக்கும் உள்ள வேறுபாடு மட்டும் அதில் கேட்கும். இரண்டிலும் சம அளவில் இருக்கும் பாடகரின் குரல் கழிந்துபோகும்; அரங்கம் மிஞ்சும். புது ரிசீவரே வேண்டாத சிக்கன வழி இது. ஆனால் இரண்டு எதிர்முனைகளும் பொதுத்தரையில் இணைந்த ஆம்ப்ளிஃபையரில் மட்டுமே செய்யலாம். எதிர்முனைகள் தரையோடு சேராத பிரிட்ஜ் வகையில் செய்தால் ஆம்ப்ளிஃபையர் புகைந்துவிடக்கூடும். இங்கே சூழொலி அமைப்பு என்பது பெட்டிகளின் நிலை, சூழலொலி என்பது அதில் ஓடும் சரக்கு. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் இந்தப் பத்தியை நான் எழுதியிருக்கவே முடியாது.

– கொழிஞ்சாம்பாறையிலிருந்து

*

அன்புள்ள கொழிஞ்சாம்பாறை ஐயாவுக்கு,

சூழலொலியைப் பிரித்தது சரி. மருங்கு பற்றி இரண்டு ஐயங்கள். முதலாவது சிறியது: இலக்கியத்தில் மருங்கு, மருங்குல் என்றால் இடுப்பு. ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பு அடங்கப் பாதி வகுப்பு போய்விடும். இரண்டாவது பெரியது: இன்னும் இரண்டு பெட்டிகள் கூடிய 7.1 அமைப்பில் ‘சரவுண்ட்’, ‘சரவுண்ட் பேக்’ என்று இரண்டு இணைகள் வருகின்றன. ‘பின்மருங்கு’ என்றா எழுதப் போகிறீர்கள்? பக்கத்துக்குப் பின்பக்கமா?

– புனலூரிலிருந்து

*

அம்மா, வணக்கம்.

இடுப்புக்குத் தமிழில் வேறு சொற்கள் ஏராளம். மாணவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், சிரித்த சொல் மறக்காது.

7.1 பற்றிய உங்கள் கேள்வி என் பக்கத்துக்கே வலுச்சேர்க்கிறது. அதில் பக்க இணைக்கு 90 முதல் 110 பாகை, பின் இணைக்கு 135 முதல் 150 பாகை. முதல் இணை மருங்கு. இரண்டாவது ‘பின்’ மட்டும், மருங்கு சேர்க்க வேண்டாம். பட்டியலில் இருக்கிறபடி 5.1-லேயே ‘பின்’னைச் செலவழித்துவிட்டால், உண்மையில் பின்னால் நிற்கும் இந்த இணைக்குக் கொடுக்கச் சொல் இருக்காது. 5.1-இலிருந்து 7.1-க்கு மாறுகிறவர் மருங்குப் பெட்டிகளை அநேகமாக நகர்த்த வேண்டியதில்லை, பெயரையும் மாற்ற வேண்டியதில்லை.

யாருக்கும் மறுப்பில்லை என்றால் அடுத்த சீட்டை முன், நடு, மருங்கு, பின் என்றே அச்சடிக்கிறேன். ‘பெட்டி’ என்று நான் எழுதுவதற்குத் தனிக் காரணம் உண்டு: ஆம்ப்ளிஃபையருக்குப் பெருக்கி, ஸ்பீக்கருக்கு ஒலிபெருக்கி என்று ஒரே சீட்டில் போட்டதைப் படித்த ஒருவர் கம்பிகளை மாற்றிச் செருகிவிட்டு வந்தார். ஸ்பீக்கருக்கு ஒலிப்பான் என்று வைக்கலாமா என்று தனி இழையில் கேட்கிறேன்.

– கொழிஞ்சாம்பாறையிலிருந்து