பி.எட். இரண்டாம் ஆண்டில் மகப்பேறு: படிப்பை நிறுத்தச் சொல்கிறார்கள், எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

இரண்டாமாண்டு மாணவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்ற ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.எட். படிக்கிறேன். முதலாண்டுத் தேர்வுகளை எல்லாம் தேறிவிட்டேன். மூன்றாம் பருவம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. எனக்கு ஐந்து மாதம் முடிந்திருக்கிறது. பதினாறு வாரப் பள்ளிப் பயிற்சியும் இந்தப் பருவத்தில்தான் வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் குறித்துக் கொடுத்த தேதியைப் பார்த்தால், பயிற்சியின் கடைசி வாரங்களும் பிரசவமும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

சென்ற வாரம் முதல்வரைப் பார்த்து நிலைமையைச் சொன்னேன். "வயிற்றுப் பிள்ளையோடு பள்ளிக்கு அனுப்பி, நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் யார் பதில் சொல்வது? டி.சி. வாங்கிக்கொண்டு போய், குழந்தை பிறந்த பிறகு புதிதாகச் சேர்ந்துகொள்ளம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையோடு சொன்னதுபோலத்தான் இருந்தது. ஆனால் அலுவலகத்துக்குள் போனபோது, "சொந்தக் காரணங்களுக்காக என் முழு விருப்பத்தின் பேரில் படிப்பை நிறுத்திக்கொள்கிறேன்" என்று தட்டச்சு செய்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்த ஒரு கடிதத்தை என் முன்னால் வைத்தார்கள். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். வீட்டிலும், ஒரு வருடம்தானே, விட்டுக்கொடுத்தால் என்ன என்கிறார்கள்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு 26 வாரம் விடுப்பு உண்டு என்கிறார்களே, அது மாணவிகளுக்கும் பொருந்துமா? வருகைப்பதிவு குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்களா? அந்தக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகவேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா. மற்றதையெல்லாம் பொறுமையாகப் பேசிக்கொள்ளலாம்.

கல்லூரி அலுவலகத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். "விருப்பத்தின் பேரில் நிறுத்திக்கொள்கிறேன்" என்ற தாள் கோப்பில் ஏறிவிட்டால், அதன் பிறகு உங்களைக் கல்லூரி வெளியேற்றியது என்று எவரிடமும் சொல்ல முடியாது. உங்கள் இடம் காலியாகிவிடும். அடுத்த ஆண்டு சேர்க்கைக்கு மற்றவர்களோடு சேர்ந்து நீங்களும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், முதலாண்டுக் கட்டணத்தைத் திரும்பக் கட்ட வேண்டும், ஏற்கெனவே தேறிய தாள்களையும் எழுத வேண்டியிருக்கும். "ஒரு வருடம்தானே" என்று வீட்டில் சொல்வதன் உண்மையான விலை இவ்வளவு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு என்றாலும், சேர்ந்த நாளிலிருந்து அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குள் முடித்துக்கொள்ளலாம். அதாவது உங்கள் கையில் ஓர் ஆண்டு உபரியாக இருக்கிறது. மாணவியாகத் தொடர்ந்துகொண்டே விடுபட்ட பகுதியை அடுத்த அணியினரோடு சேர்ந்து முடித்தால் அந்த ஓர் ஆண்டு உங்களுக்குப் பயன்படும், டி.சி. வாங்கினால் அதுவும் போய்விடும். முதல்வருக்கு இது தெரியாமல் இருக்காது. பாதியில் நிற்கும் மாணவியின் பெயரைப் பட்டியலில் வைத்துக்கொள்வதைவிட நீக்கிவிடுவது அலுவலகத்துக்குச் சுலபம், அவ்வளவுதான்.

நாளைக்கே ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். கருவுற்றிருப்பது, மருத்துவர் குறித்த தேதி, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை விடுப்பு வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் வகுப்புக்கும் பயிற்சிக்கும் வருவதாக உறுதி ஆகியவை அதில் இருக்கவேண்டும். தாய் சேய் நல அட்டையின் நகலையும் அரசு மருத்துவரின் சான்றையும் இணையுங்கள். இரண்டு படி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் விவாதம் செய்யாமல் அதே விண்ணப்பத்தை விரைவுத் தபாலில் முதல்வருக்கும், இன்னொரு நகலைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு விடுப்பில் போனால், வருகைப்பதிவேட்டில் அது வெறும் "ஆப்சென்ட்" மட்டுமே.

---

வழக்கறிஞர், சென்னை

சட்ட நிலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இணையத்தில் இதைப் பற்றி அரைகுறைத் தகவல்கள் நிறைய உலவுகின்றன.

முதலில் 26 வாரம். அது 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தத்தால் வந்தது; 2025 நவம்பரிலிருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்தில் இருக்கிறது. வேலை அளிப்பவருக்கும் பணியாளருக்கும் இடையிலான உறவின்மேல் கட்டப்பட்ட சட்டம் என்பதால் மாணவிகளுக்கு அது நேரடியாகப் பொருந்தாது. ஆகவே அந்தச் சட்டத்தை மேற்கோள் காட்டி விண்ணப்பம் எழுதவேண்டாம். ஒரே வரியில் நிராகரித்துவிடுவார்கள்.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது, 14 டிசம்பர் 2021 தேதியிட்ட பல்கலைக்கழக மானியக் குழுவின் கடிதம். ஆராய்ச்சி மாணவிகளுக்கு 240 நாள்வரை மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு வழங்க 2016ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே இடம் இருந்தது. இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கு அப்படி எதுவும் இல்லாததால், அவர்களுக்கும் மகப்பேறு விடுப்பு, வருகைப்பதிவில் தளர்வு, தேர்வு விண்ணப்பத்துக்குக் கால நீட்டிப்பு போன்ற வசதிகளுக்குத் தகுந்த விதிகளை வகுக்குமாறு அந்தக் கடிதம் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் கேட்டுக்கொண்டது. இத்தனை நாள் என்று அது எண்ணிக்கை எதையும் சொல்லவில்லை. விதி வகுக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகங்களிடமே விட்டுவிட்டது. அதன் பலவீனமும் அதுதான். கேரளத்தில் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 2022 டிசம்பரில் மாணவிகளுக்கு 60 நாள் மகப்பேறு விடுப்பு என்று முடிவெடுத்தது. அடுத்த மாதமே அம்மாநில அரசு, 18 வயது நிறைந்த மாணவிகளுக்கு அந்த வசதியை உயர்கல்வித் துறையின் கீழுள்ள பிற பல்கலைக்கழகங்களுக்கும் விரித்தது. எல்லா இடத்திலும் அப்படி நடந்துவிடவில்லை.

விதியே இல்லாத பல்கலைக்கழகம் என்ன செய்யவேண்டும் என்பதை நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. பிரசவத்தையொட்டித் தேர்வுகளைத் தவறவிட்ட ஒரு பி.டெக். மாணவியின் வழக்கில், அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 இறுதியில் அவருக்குத் தேர்வு நடத்த உத்தரவிட்டதோடு, மகப்பேறு தொடர்பான விதிகளை உருவாக்கும்படி பல்கலைக்கழகத்துக்குக் காலக்கெடுவும் விதித்தது. உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது 2023 மே மாதத் தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு. அது ஓர் எம்.எட். மாணவியின் வழக்கு. படிப்பா, தாய்மையா என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கக் கட்டாயப்படுத்த முடியாது என்று கூறிய நீதிமன்றம், விடுப்பை மறுத்த பல்கலைக்கழகத்தின் முடிவை ரத்து செய்து, 59 நாள் மகப்பேறு விடுப்பை மறுபரிசீலனை செய்யச் சொன்னது.

எதிரான தீர்ப்பையும் மறைக்கக்கூடாது. அதே தில்லி உயர் நீதிமன்றம் 2018இல் ஒரு சட்டப் படிப்பு மாணவிக்கு, தொழிற்கல்வியில் வருகைப்பதிவைத் தளர்த்த இயலாது என்று நிவாரணம் மறுத்தது. வேறு மாநில உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், வழிகாட்டும் மதிப்பு அவற்றுக்கு உண்டு. 2021ஆம் ஆண்டுக் கடிதத்துக்குப் பிறகு காற்று மாணவிகளின் பக்கம் வீசுகிறது என்பது என் கணிப்பு.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால் உடனே நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர் விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர் குழு இருக்கவேண்டும். புகார் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தரவேண்டும். அதில் நிறைவில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

---

பயிற்சிக் கல்லூரி ஆசிரியை

மேலே இருவரும் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஒன்றைத் தெளிவுபடுத்தாவிட்டால் தங்கை ஏமாந்துபோவார். பி.எட். படிப்புக்கு வருகைப்பதிவு ஒன்றல்ல, இரண்டு. வகுப்புப் பாடங்களுக்கும் செய்முறைக்கும் 80 விழுக்காடு. பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு. வழக்கறிஞர் குறிப்பிட்ட எம்.எட். வழக்கிலும் கிடைத்த நிவாரணம் வகுப்புப் பாடங்களின் வருகையைப் பற்றியதுதான். பள்ளிப் பயிற்சியை யாரும் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. தள்ளுபடி செய்யவும் கூடாது என்பது என் கருத்து. நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்திப் பழகாதவரை ஆசிரியை என்று சான்றளிப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

ஆகவே பயிற்சிக்கு விலக்கு கேட்காதீர்கள். அதை மாற்றியமைத்துத் தரும்படி கேளுங்கள். பதினாறு வாரத்தில் முதல் பன்னிரண்டு வாரமாவது உங்களால் போக முடியும் என்று மருத்துவர் எழுதித் தந்தால், மிச்சத்தைப் பிரசவத்துக்குப் பிறகு நான்காம் பருவத்திலோ அடுத்த அணியினரோடோ முடித்துத் தருவதாக எழுதுங்கள். எத்தனை நாள் பாக்கி, எந்த மாதத்தில் முடிப்பீர்கள் என்று நீங்களே அட்டவணை போட்டு விண்ணப்பத்தோடு கொடுத்தால், மறுப்பதற்கு அவர்கள் காரணம் தேட வேண்டியிருக்கும். பாடக்குறிப்பேடுகளையும் கற்பித்தல் துணைக்கருவிகளையும் இப்போதே எழுதி, செய்து வைத்துவிடுங்கள். கடைசி மாதத்தில் தரையில் உட்கார்ந்து சார்ட் வரைய முடியாது.

வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பள்ளியைக் கேட்பதற்கும் இதுவே நேரம். பள்ளிகளை ஒதுக்க முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி தேவைப்படுவதால், பட்டியல் போய்விட்ட பிறகு மாற்றுவது கடினம். தரைத்தளத்தில் வகுப்பு, பேருந்து மாறாமல் போகும் தூரம், நாளுக்கு இத்தனை பாடவேளைக்கு மேல் வேண்டாம் என்பவற்றைத் தயங்காமல் எழுதுங்கள். நான் பார்த்தவரை, பள்ளித் தலைமையாசிரியைகள் இந்த விஷயத்தில் கல்லூரி நிர்வாகத்தைவிட எளிதாக ஒத்துழைக்கிறார்கள். அவர்களில் பலரும் ஏழாம் மாதத்தில் கரும்பலகை முன் நின்றவர்கள்தானே.

---

ஆய்வு மாணவி, இரண்டு வயதுக் குழந்தையின் தாய்

எல்லோரும் பிரசவம்வரை பேசியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

முனைவர் பட்ட மாணவி என்பதால் எனக்கு 240 நாள் விடுப்பு விதியிலேயே இருந்தது; ஆய்வை முடிக்கப் பெண்களுக்கு இரண்டு ஆண்டு கூடுதல் அவகாசமும் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் உண்டு. விடுப்பு வாங்குவதில் சிக்கல் இல்லை, திரும்பி வந்த பிறகுதான் திண்டாட்டம். எங்கள் வளாகத்தில் குழந்தைகள் காப்பகமும் இல்லை, பாலூட்டும் அறையும் இல்லை. துறையின் பழைய பொருட்கள் அறையில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே கதவில் துப்பட்டாவைக் கட்டிவிட்டுப் பால் பீய்ச்சியிருக்கிறேன். உள்ளே தாழ்ப்பாள்கூடக் கிடையாது. துறைத்தலைவரிடம் எழுதிக் கேட்ட பிறகு ஒரு சிறிய அறையைத் திறந்துவிட்டார்கள். அதற்குமுன் எவரும் கேட்டதில்லை என்றார்கள்.

ஆகையால் தோழி, உங்கள் விண்ணப்பத்திலேயே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: திரும்பி வந்த பிறகு பாலூட்டவோ பால் எடுக்கவோ இடைவேளையும் ஒரு மூடிய அறையும் வேண்டும் என்று. மானியக் குழுவின் கடிதம் விடுப்போடு நின்றுவிடவில்லை, தேவையான பிற வசதிகளையும் சேர்த்தே சொல்கிறது.

பணத்தையும் மறக்கவேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கமாக வங்கிக் கணக்குக்கு வரும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். 19 வயது நிறைந்து, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பமாக இருந்தால் முதல் இரண்டு பிரசவங்களுக்குக் கிடைக்கும். கல்லூரியில் படிப்பது அதற்குத் தடை இல்லை. பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) வாங்கியிருக்கிறீர்களா என்று கிராம சுகாதார செவிலியரிடம் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

---

இரண்டாமாண்டு மாணவி

அனைவருக்கும் மிக்க நன்றி. பிக்மி எண் இருக்கிறது; அரசு மருத்துவரின் சான்றும் வாங்கிவிட்டேன். ஆசிரியை அக்கா சொன்னபடி அட்டவணையோடு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். என் கணவரும் அதைப் படித்துவிட்டு, டி.சி. வேண்டாம் என்கிறார். ஒரே பயம்: என் அசல் சான்றிதழ்கள் எல்லாம் கல்லூரியில்தான் இருக்கின்றன. விண்ணப்பம் கொடுத்தால் அதை வைத்து மிரட்டுவார்களோ என்று தோன்றுகிறது. வழக்கு என்று போனால் செலவுக்கும் வழியில்லை.

---

வழக்கறிஞர், சென்னை

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த பிறகு கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்டுத் தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். விடுப்பு விண்ணப்பத்தோடு கலக்கவேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள் அனைவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெறத் தகுதி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். கல்லூரி எழுத்து மூலம் மறுத்தாலும், பதிலே தராமல் இழுத்தடித்தாலும், முத்திரை பெற்ற படியையோ தபால் ரசீதையோ எடுத்துக்கொண்டு அங்கே போங்கள். தேர்வு விண்ணப்பத்துக்கான கடைசித் தேதிக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகப் போய்விடுவது நல்லது. ஹால் டிக்கெட் மறுக்கப்பட்ட மறுநாள் வருகிறவருக்கு இடைக்கால உத்தரவு வாங்கித் தருவது எங்களுக்கும் பெரும்பாடு.

---

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

தேர்வுக் கட்டணத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். வருகைப்பதிவுப் பிரச்சினை தீரட்டும், பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்று அலுவலகத்தில் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால், கட்ட வந்தேன், வாங்க மறுத்தார்கள் என்று அன்றைக்கே பதிவாளருக்கு எழுதிவிடுங்கள்.

நாளை விண்ணப்பம் கொடுக்கப் போகும்போது கணவரையும் அழைத்துச் செல்லுங்கள், அம்மா. காலை பதினொரு மணிக்குமேல் போனால் கூட்டம் குறைவாக இருக்கும். தபால் பதிவேடு எழுதுபவரும் இருக்கையில் இருப்பார்.