48 மணி நேரம் அவகாசமாம்! கொவிட் காலத்தில் முதுகுத்தண்டு அவசர சிகிச்சை

பொங்கோல்வாசி (இழையைத் தொடங்கியவர்), இரவு 8:52

நேத்து இன்னொரு இழையில "இரவுப்பணி"ங்கிற நர்ஸ் எழுதினதைப் படிச்சதிலிருந்து வயிறு எரியுது. அப்படியே ஒட்டுறேன்: "2020-ல் முதுகுத்தண்டு கேஸ்களைக் கிருமித்தொற்றுச் சோதனை முடிவு வரும்வரை நிறுத்தி வைத்தது சரிதான். காடா எக்குவைனாவுக்கே 48 மணி நேரம் அவகாசம் இருக்கிறது."

அவகாசமா? தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிஞ்சிடும், அதுக்குக் கீழே நரம்புகள் கொத்தாத் தொங்கும், அந்தக் கொத்துக்குப் பேர்தான் காடா எக்குவைனா. டிஸ்க் பிதுங்கி அந்தக் கொத்தை நசுக்கினா மூத்திரம் அடைச்சுக்கும், சைக்கிள் சீட்டுல உட்காரும்போது படுற இடம் முழுக்க மரத்துப்போகும், கால் தள்ளாடும். என் தம்பிக்கு அதான் வந்தது. லேசாக் காய்ச்சலும் இருந்ததால நேரே ஆஸ்பத்திரி வெளியே இருந்த கொவிட் சோதனைக் கூடாரத்துக்கு அனுப்பிட்டாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன். இருமல் இருக்கா, வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிக்குப் போனியா, யாரோட பழகினேன்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. கடைசியா எப்ப மூத்திரம் போனேன்னு கேட்க ஒருத்தர் இல்லை. இன்னிக்கும் அவன் குழாய் போட்டுத்தான் மூத்திரம் எடுக்கிறான்.

ஒரே கேள்வி. அந்த 48 மணி நேரத்தை எதிலிருந்து எண்ணுறீங்க?

இரவுப்பணி, இரவு 9:10

உங்கள் தம்பிக்காக வருந்துகிறேன். ஆனால் நான் எழுதியதில் பாதியை வெட்டிவிட்டு ஒட்டியிருக்கிறீர்கள். "மருத்துவர் பரிசோதித்த பிறகு" என்று அடுத்த வரியிலேயே இருந்தது.

48 என்பது என் கற்பனை இல்லை. 2000-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு, 322 நோயாளிகள். 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்து நரம்பின் மீதான அழுத்தத்தை நீக்கியவர்களுக்கு நன்றாகக் குணமானது. அதில் 24 மணி நேரத்துக்குள் செய்தவர்களுக்கும், 24-லிருந்து 48-க்குள் செய்தவர்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

2003-ல் சார்ஸ் கிருமித்தொற்று வந்தபோது சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்று, 33 பேர் இறந்தார்கள். அவர்களில் மருத்துவ ஊழியர்களும் உண்டு. அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஏன் நாங்கள் ஒவ்வொரு கதவிலும் நின்று யோசித்தோம் என்று.

பொங்கோல்வாசி, இரவு 9:16

படிச்சுட்டேன், நன்றி. அந்தத் தொகுப்போட கணக்கைப் பின்னாடி வந்தவங்க கிழிச்சதையும் படிச்சேன். அது கிடக்கட்டும். எதிலிருந்து 48? மரத்துப்போன நேரத்திலிருந்தா, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த நேரத்திலிருந்தா, எம்ஆர்ஐ எடுத்த நேரத்திலிருந்தா? பதில் வரலையே.

தேக்கா_தம்பி, இரவு 9:21

ரெண்டு பேருமே தப்பு. 48 இல்ல, 24 மணி நேரம். 2012-ல வந்த பெரிய ஆய்வு, 313 பேர். 24 மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணினவங்க ரொம்ப நல்லா தேறினாங்க. கூகள் பண்ணா வரும்.

இரவுப்பணி, இரவு 9:25

அது கழுத்தில் அடிபட்டுத் தண்டுவடமே சேதமானவர்களைப் பற்றியது, தம்பி. இங்கே பேசுவது இடுப்பு டிஸ்க். இரண்டும் ஒன்றில்லை.

தேக்கா_தம்பி, இரவு 9:26

முதுகுத்தண்டுதானே எல்லாம். 24-ன்னா 24 தான்.

பொங்கோல்வாசி, இரவு 9:31

24-ஆ 48-ஆன்னு நீங்க ரெண்டு பேரும் அப்புறம் முடிவு பண்ணுங்க. எனக்கு அந்த எண்ணு முக்கியமில்லை, அது எப்ப ஓட ஆரம்பிக்குதுங்கிறதுதான் முக்கியம். என் தம்பிக்கு ராத்திரியே மரத்துப்போச்சு. காலையில ஆம்புலன்ஸுக்கு, 995-க்குப் போன் பண்ணினோம். கூடாரத்துல மூக்கில குச்சி விட்டு எடுத்தாங்க. 2020 ஏப்ரல், எல்லாரையும் வீட்டுலயே இருக்கச் சொன்ன முறியடிப்புத் திட்டம் அப்பதான் தொடங்கியிருந்தது, சோதனை முடிவு வர மணிக்கணக்காகும். முடிவு வந்தப்புறம்தான் எம்ஆர்ஐ பேச்சே எடுத்தாங்க. இரவுப்பணி கணக்குல அவனுக்கு எவ்வளவு "அவகாசம்" மிச்சம் இருந்தது?

சிறுநீர்ப்பைக்கு மேலே ஜெல் தடவி ஒரு சின்ன ஸ்கேன் வெச்சுப் பார்த்தா எத்தனை மில்லி தங்கியிருக்குன்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும். மூத்திரம் போயிட்டு வந்தப்புறமும் 200-க்கு மேல நின்னா சந்தேகப்படணும். அதைக் கூடாரத்துலயே பண்ணலாம். அதுக்குமா கொவிட் முடிவு வேணும்?

ஜூரோங்_மாமா, இரவு 9:40

அந்தக் காலத்தில் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளை ஒத்திவைத்தார்கள், நினைவிருக்கிறதா? என் முழங்கால் அறுவையும் அதில் போனது. நாங்கள் பொறுத்துக்கொள்ளவில்லையா? இப்போது வந்து குறை சொல்வது எளிது.

பொங்கோல்வாசி, இரவு 9:42

முழங்கால் காத்திருக்கும் மாமா, மூத்திரப்பை காத்திருக்காது. நான் ஒத்திவெச்ச ஆபரேஷனைப் பத்தி எங்கேயாவது பேசினேனா?

ஜூரோங்_மாமா, இரவு 9:44

மரியாதையாகப் பேசவும். போன மாதம் தடுப்பூசி இழையிலும் இதே தொனிதான். எதையும் மறக்கவில்லை.

பொங்கோல்வாசி, இரவு 9:45

நானும் மறக்கலை. பலதுறை மருந்தக வரிசையைப் பத்தி நீங்க சொன்னது பொய்னு நிரூபிச்சேன், அதான் எரியுது.

இரவுப்பணி, இரவு 10:02

தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய் உடனே கத்தி வைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தொற்று இருக்கலாம் என்று சந்தேகப்படும் ஒருவருக்கு முதுகில் அறுவை செய்ய, காற்று வெளியே கசியாத எதிர்மறை அழுத்த அறை வேண்டும். அது எல்லா அரங்கிலும் கிடையாது. தொண்டையில் சுவாசக் குழாய் செருகும்போது மயக்க மருந்து மருத்துவரும் உதவியாளரும் மட்டும் உள்ளே இருப்பார்கள், மற்றவர்கள் வெளியே. பிறகு நோயாளியைக் குப்புறப் புரட்ட வேண்டும். முழு அங்கியில் நான்கைந்து பேர் சேர்ந்து புரட்டும்போது அந்தக் குழாய் கழன்றால் அறை முழுக்கக் கிருமி. தலையில் காற்றூதும் கவசத்தைப் போட்டால் பக்கத்தில் நிற்பவர் சொல்வது காதில் விழாது. அறுவை மருத்துவரின் உருப்பெருக்கிக் கண்ணாடி முகத்தடுப்பில் இடிக்கும். அதற்கு மேல் எலும்பைக் குடையும் டிரில், அதிலிருந்து தெறிக்கும் ரத்தத் துகள். முடிந்த பிறகு அறையைத் துடைத்து, காற்று முழுக்க மாறும்வரை அடுத்த கேஸை உள்ளே விட முடியாது. அந்த அடுத்த கேஸ் விபத்தில் சிக்கிய பிள்ளையாக இருந்தால்?

முடிவு "இல்லை" என்று வந்தால் இவ்வளவும் மிச்சம். அதனால்தான் காத்திருந்தோம். 48 மணி நேரத்துக்குள்.

பொங்கோல்வாசி, இரவு 10:09

எதிலிருந்து 48 மணி நேரத்துக்குள்?

நீங்க இவ்வளவு எழுதினதே என் பக்கம்தான் பேசுது. முடிவு தெரியலன்னா தொற்று இருக்குன்னே வெச்சுக்கிட்டு, முழு அங்கியோட உள்ளே போகணும். அவசர கேஸுக்கு அதுதானே முறை? உங்க வார்டுல அப்படிப் பண்ணலையா?

இரவுப்பணி, இரவு 10:13

உயிர் போகும் கேஸுக்குப் பண்ணினோம். ஒருமுறை அல்ல, பலமுறை. அங்கிக்குள் வியர்வை வழிய நின்றவள் நான். வீட்டில் உட்கார்ந்து கைதட்டியவர்கள் வந்து எனக்கு முறை சொல்லித் தர வேண்டாம்.

பொங்கோல்வாசி, இரவு 10:15

இதான்! "உயிர் போகும் கேஸ்". என் தம்பிக்கு உயிர் போகல. அவனுக்கு வயசு இருபத்தெட்டு. ஆபீஸ் கழிவறையில கதவைச் சாத்திக்கிட்டுக் குழாய் போட்டுக்கிறான். கல்யாணப் பேச்சு எடுத்தா எழுந்து போயிடுறான். உயிர் போகலைன்னா அவசரம் இல்லையா உங்களுக்கு?

கிளமெண்டி_மலர், இரவு 10:20

இருவருமே அக்கறையோடுதான் பேசுகிறீர்கள். அன்று மருத்துவர்கள் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குப் போகவும் கட்டுப்பாடு இருந்தது, ஆட்களையும் குழு குழுவாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆள் பற்றாக்குறையையும் சேர்த்து யோசிக்கலாமே?

பொங்கோல்வாசி, இரவு 10:22

மலர் அக்கா, சமாதானம் பண்ண வராதீங்க. ஆள் இல்லைன்னு சொல்லியிருந்தா ஒத்துக்குவேன். "48 மணி நேரம் இருக்கு, பயப்படாதீங்க"ன்னு சொன்னாங்க. அதே வாக்கியம். நேத்து இங்கேயும் அதே வாக்கியம்.

தேக்கா_தம்பி, இரவு 10:24

24 மணி நேரம்.

இரவுப்பணி, இரவு 10:31

கிளமெண்டி_மலர் சொன்னதற்கு நன்றி. மற்றவர்களுக்கு: எம்ஆர்ஐயும் ஓடிப்போய் எடுப்பதில்லை. முகக்கவசத்தின் மூக்குக் கம்பி உலோகம், அதோடு இயந்திரத்துக்குள் அனுப்ப முடியாது. வேறு கவசம் மாற்ற வேண்டும், இருமும் நோயாளியை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், முடிந்ததும் அந்த அறையையும் சுத்தம் செய்ய வேண்டும். வரிசையில் பக்கவாத நோயாளியும் இருப்பார்.

ஜூரோங்_மாமா, இரவு 10:34

சரியாகச் சொன்னீர்கள், சிஸ்டர். இவருக்கெல்லாம் இது எங்கே புரியப் போகிறது.

பொங்கோல்வாசி, இரவு 10:36

மாமா, உங்களுக்குக் கம்பி எங்கே இருக்குன்னு இப்பதானே தெரியும்? சும்மா ஜால்ரா போடாதீங்க.

இரவுப்பணி, கம்பி இல்லாத கவசம் மாத்த எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிஷம்? அதைப் போய்க் காரணமாச் சொல்றீங்க.

இரவுப்பணி, இரவு 10:41

நான் சொன்ன ஐந்து காரணங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். நாளை காலை ஷிப்ட் இருக்கிறது. 48 மணி நேரம் என்று நான் சொன்னதில் மாற்றமில்லை.

பொங்கோல்வாசி, இரவு 10:43

போங்க. ஷிப்ட் முடிச்சு வந்ததும் மத்த நாலையும் ஒவ்வொண்ணா எடுத்துக்குவோம். மாமா, உங்க வரிசை விஷயத்துக்கும் நாளைக்கு வரேன், பழைய இழையோட இணைப்பு இன்னும் என்கிட்ட இருக்கு.