ஹீத்ரோ – கென்னடி விமான நிலையங்கள்: போக எட்டு மணி, வர ஏழு மணி ஏன்?

கேள்வி:
வணக்கம். லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு உள்ள தூரத்தை ஒரு தளம் 5,540 கி.மீ. என்றும் இன்னொன்று 5,554 கி.மீ. என்றும் காட்டுகின்றன. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறந்தால் ஏறத்தாழ ஆறேகால் மணி நேரம் போதும். என் பயணச்சீட்டிலோ, போகும்போது காலை 11 மணிக்குக் கிளம்பிப் பிற்பகல் 2 மணிக்குச் சேர்வதாகவும், திரும்பும்போது இரவு 10 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 10 மணிக்குச் சேர்வதாகவும் உள்ளது. எதை நம்புவது?

பதில் 1:
சீட்டில் இருப்பவை அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். நியூயார்க் லண்டனைவிட 5 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், போகும்போது 3 உடன் 5 கூட்டினால் 8 மணி. வரும்போது 12-இல் 5 கழித்தால் 7 மணி. விமானம் வாயிலை விட்டு நகர்வது முதல் மறுமுனை வாயிலில் நிற்பது வரையிலான நேரம் இது. ஓடுபாதைக்குக் காத்திருப்பதும் தரையில் ஊர்வதும் இதில் அடங்கும்.

பதில் 2:
மீதமுள்ள வேறுபாட்டுக்குக் காற்றே காரணம். வட அட்லாண்டிக்கின் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே, மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று வீசுகிறது. குளிர்காலத்தில் அது இன்னும் வலுக்கும். மணிக்கு 150 கி.மீ. காற்று பின்னாலிருந்து தள்ளினால் தரையைப் பொறுத்த வேகம் 1,050 ஆகும். அதுவே எதிர்த்தால் 750 ஆகக் குறையும். ஆகையால் லண்டனுக்குச் செல்பவை காற்றைத் தேடிச் சென்று பிடிக்கின்றன, நியூயார்க் செல்பவை அதைத் தவிர்க்கச் சற்றுச் சுற்றிப் போகின்றன. கடல் மேலுள்ள வழித்தடங்களே காற்றைப் பார்த்து அன்றாடம் வகுக்கப்படுகின்றன. 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது; தரையைப் பொறுத்த அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலியை முந்தவில்லை. சுற்றியிருந்த காற்றும் கூடவே ஓடியது.

பதில் 3:
அந்த 14 கி.மீ. பிழையன்று. பூமியை முழு உருண்டையாகக் கொண்டால் 5,540. துருவங்களில் சற்றுத் தட்டையான அதன் உண்மை வடிவத்தைக் கொண்டால் 5,554. இரண்டுமே மிகக் குறுகிய வழியின் நீளங்கள்தாம். விமானம் உண்மையில் பறக்கும் தூரம் இவற்றைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. என் பயணம் மார்ச் 20 அன்று. இதே கணக்குப் பொருந்துமா?

பதில் 1:
பொருந்தாது, நல்ல வேளை கேட்டீர்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுகிறது, பிரிட்டன் அம்மாதக் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கிறது. இடைப்பட்ட நாட்களில் வேறுபாடு 4 மணி நேரமே என்பதால், அதே எட்டு மணி நேரப் பயணம் காலை 11 மணிக்குக் கிளம்பினால் பிற்பகல் 3 மணிக்கு முடியும். அங்கிருந்து இணைப்பு விமானம் ஏதும் பதிவு செய்திருந்தால், அதன் நேரத்தை மறுபடி பார்த்துவிடுங்கள்.