டுரானை எந்த இடத்தில் வைப்பது?

எண்பதுகளின் நான்கு குத்துச்சண்டை ஜாம்பவான்களை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறேன்: லெனர்ட், ஹாக்லர், ஹெர்ன்ஸ், டுரான். லெனர்டுக்கு முதலிடம், மற்ற மூவரையும் ஜெயித்தவர் அவர் மட்டும்தான். (1987-இல் ஹாக்லரோடு நடந்த சண்டையில் நடுவர்கள் லெனர்டுக்குத் தந்த தீர்ப்பை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை, அது வேறு கதை.)

சிக்கல் டுரான்தான். 1980 ஜூனில் லெனர்டையே வீழ்த்தியவர், நவம்பரில் எட்டாவது சுற்றில் போதும் என்று முதுகைத் திருப்பிக்கொண்டார். 1984-இல் ஹெர்ன்ஸின் வலது கை அவரை இரண்டே சுற்றில் முகங்குப்புறச் சாய்த்தது. ஆனால் மனிதர் 135 பவுண்டு எடைப் பிரிவிலிருந்து ஏறி வந்து, 160 பவுண்டு ஹாக்லரோடு 15 சுற்றும் நின்றாரே!

எடை தாண்டி வந்தவருக்கு எவ்வளவு சலுகை தரலாம்? அப்புறம், ஹாக்லரிடம் மூன்றே சுற்றில் விழுந்த ஹெர்ன்ஸை டுரானுக்கு மேலே வைப்பது சரியா? சண்டைகளை முழுசாகப் பார்த்தவர்கள் காரணத்தோடு சொல்லுங்களேன்.