ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்: நாலு பேருக்கும் ஒரே மார்க் போடுவது நியாயமா?

கேள்வி: புது லெக்சரர்

சென்னைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஈசிஇ துறையில் இருக்கிறேன். என்னிடம் உள்ள ஒரு பேட்ச், ஆர்எஃப்ஐடி அட்டையை வைத்து வருகைப்பதிவு எடுக்கும் கருவி செய்கிறது. கோடு, அதாவது ப்ரோகிராம், முழுக்க ஒரு பையன்தான். ரிப்போர்ட்டும் பிபிடியும் ஒரு பெண். மற்ற இரண்டு பேரும் ரிவ்யூ அன்றைக்கு வந்து நிற்பதோடு சரி. மார்க் ஷீட்டில் ஆளுக்கொரு கட்டம் இருக்கிறது, ஆனால் நாலிலும் ஒரே மார்க்கை எழுதுவதுதான் இங்கே வழக்கம்.

"நீங்களே ஒருத்தருக்கொருத்தர் மார்க் போடுங்கள்" என்று தாள் கொடுத்துப் பார்த்தேன். எல்லாருக்கும் பத்துக்குப் பத்து. கோடு எழுதிய பையனைத் தனியாகக் கேட்டால், "விடுங்க மேடம், ஒரே ரூம்ல இருக்கோம்" என்கிறான். அப்படியே கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

பதில்: பழைய கைடு

மேடம், தாளை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிடுங்கள். "இது எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டால் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவார்கள். நான் மாற்றச் சொல்வேன். உங்கள் பேட்சையே எடுத்துக்கொள்ளுங்கள்: "ஒரே அட்டையை ஒரு நிமிஷத்துக்குள்ள ரெண்டு தடவை காட்டினா ஒரு தடவைதான் பதிவாகணும். எங்க கை வைப்ப?" எழுதியவன் நேரே அட்டை எண்ணைப் படிக்கிற இடத்துக்குப் போவான், கடைசியாகப் பதிந்த நேரத்தை எங்கே வைப்பது என்று யோசிப்பான். எழுதாதவன் ஃபைலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருப்பான். ஆளுக்கு அஞ்சு நிமிஷம் போதும்.

ஆனால் தமிழிலேயே கேளுங்கள். தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளை சர்க்யூட் முழுக்கத் தன் கையால் சால்டர் செய்திருக்கும். இங்கிலீஷில் கேட்டதும் வாயடைத்துப்போய், ஒன்றும் செய்யாதது போலத் தெரியும். சரளமாகப் பேசுகிறவன் அதன் உழைப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போவான். இதைப் பார்த்து எத்தனையோ தடவை வயிறெரிந்திருக்கிறேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி ரீடர் வாங்கி வந்ததும், விட்டுப்போன கனெக்‌ஷனைத் தேடிப் பிடித்ததும் வேலைதான். அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பதில்: மார்க் கணக்கு

மாணவர்கள் போடும் மார்க்கை அடியோடு ஒதுக்க வேண்டாம். இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான வெப்பிஏ என்ற மென்பொருள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒருவர் கொடுக்கும் மார்க்கெல்லாம் கூட்டினால் 1 வரும்படி பங்காக மாற்றிவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொருவருக்கும் வந்த பங்குகளைக் கூட்டுவார்கள். சராசரி ஆளுக்கு 1 வரும். குழு மார்க் 70 என்றால் பாதி எல்லாருக்கும் பொது, பாதியை இந்த எண்ணால் பெருக்கலாம். 1.2 வாங்கியவருக்கு 35 + 42 = 77. 0.6 வாங்கியவருக்கு 35 + 21 = 56.

எல்லாரும் சமமாகப் போட்டால் எல்லாருக்கும் 1தான். அதனால் ரகசியமாக வாங்குங்கள், "சொன்ன நாளில் முடித்தாரா?" என்பது போல குறிப்பாகக் கேளுங்கள். தனி மார்க் உண்டு என்பதை முதல் ரிவ்யூவிலேயே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் ஒளிந்து சோம்பும் பழக்கத்தைப் பற்றி வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ், லட்டானே என்ற உளவியல் ஆய்வாளர்கள் ஆட்களைக் கத்தச் சொல்லிச் சத்தத்தை அளந்து 1981-இல் வெளியிட்ட ஆய்வில், தன் சத்தம் மட்டும் தனியாக அளக்கப்படுகிறது என்று நம்பியவர்கள் கூட்டமாகக் கத்தும்போதும் அடக்கி வாசிக்கவில்லை.

பதில்: எட்டாவது செம்

மாணவி பக்கத்திலிருந்து ஒன்று. கோடை ஏற்றி வைக்கும் கிட்ஹப் தளத்தில் யார் பெயரில் எத்தனை கமிட் (சேமித்த மாற்றம்) இருக்கிறது என்று எண்ணி மார்க் போடாதீர்கள், ப்ளீஸ். எங்கள் பேட்சில் ரெண்டு பேரிடம் லேப்டாப் கிடையாது. மூணு பேர் சேர்ந்து உட்கார்ந்து எழுதியது ஒருத்தர் பெயரில்தான் ஏறியிருக்கிறது.

அப்புறம், அந்த ரிப்போர்ட் எழுதிய பெண்ணிடமும் கொஞ்சம் பேசுங்கள் மேடம். எங்களுக்கெல்லாம் முதல் நாளே "உன் கையெழுத்து நல்லா இருக்கு, நீ டாக்குமெண்டேஷன் பாரு" என்று ஒதுக்கிவிடுவார்கள். கோடு கேட்டாலும் தர மாட்டார்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கோடு பற்றி மட்டும் கேட்டால் எங்களுக்குத்தான் மார்க் குறையும்.

புது லெக்சரர்

ரொம்ப நன்றி. அந்தப் பெண்ணிடம் இதுவரை நான் தனியாகக் கேட்கவே இல்லை, நாளைக்கு முதலில் அவளைத்தான் கூப்பிடப் போகிறேன். இந்த பேட்சுக்குத் தனித்தனி வைவா, தமிழில். ரகசியத் தாள் அடுத்த வருஷ பேட்சுக்கு முதல் ரிவ்யூவிலிருந்தே. பாதிக்குப் பாதி கணக்கை ஹெச்ஓடியிடம் கொண்டுபோகிறேன். அவர் ஒத்துக்கொண்டால் இங்கே வந்து சொல்கிறேன்.