எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு: தங்கையிடம் எப்படி நடந்துகொள்வது?

கேள்வி (பெரம்பூர்): என் தங்கைக்கு வயது 24. அவளுக்கு எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு (உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையின்றி அலைபாயும் மனநலப் பாதிப்பு) இருப்பதாக மனநல மருத்துவர் கூறியிருக்கிறார். தொலைபேசியை எடுக்கச் சற்றுத் தாமதமானாலும் தன்னைக் கைவிட்டுவிட்டதாகக் கொந்தளிக்கிறாள். பிறகு அழுது மன்னிப்புக் கேட்கிறாள். மாத்திரையால் மட்டும் இது குணமாகுமா?

மறுமொழி (உளவியல் ஆலோசகர், அடையாறு): ஆகாது, சகோதரி. இக்கோளாறுக்கென்றே தனி மருந்து இல்லை. உடன்வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து தரப்படலாம். முதன்மையானது உளசிகிச்சையே. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சையில், தனி அமர்வுகளோடு, துயரத்தைத் தாங்கவும் உணர்ச்சியை நெறிப்படுத்தவும் உறவுகளைப் பேணவும் கற்றுத்தரும் குழுப் பயிற்சியும் உண்டு. வழக்கமாக ஓராண்டு ஆகும். நீண்டகால ஆய்வுகளில் பெரும்பாலோருக்கு அறிகுறிகள் தணிந்திருக்கின்றன என்பதால், ‘இவள் குணமே இப்படித்தான்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

மறுமொழி (ஒரு தந்தை, வில்லிவாக்கம்): கொந்தளிப்பின் நடுவே நியாயம் பேசிப் பயனில்லை, அம்மா. ‘நீ பயந்துவிட்டாய், புரிகிறது’ என்று முதலில் உணர்வை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வசவை ஏற்க வேண்டியதில்லை, ‘அமைதியானதும் பேசுவோம்’ என்று சொல்லி, சொன்னபடியே திரும்பி வாருங்கள். கீழ்ப்பாக்கம் என்றாலே கேலி செய்யும் ஊர் இது; அதற்கு அஞ்சி அங்குள்ள அரசு மனநல மருத்துவமனையைத் தவிர்க்காதீர்கள்.

மறுமொழி (செவிலியர், தாம்பரம்): தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாகிவிடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 108.