அல்சூர் தோட்டத்தில் கீறினால் சிவக்கும் வெண்காளான்: எந்தப் பேரினம்?

அல்சூர்வாசி:
வணக்கம். பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாமரத்தடியில் சென்ற ஆண்டு கொட்டிய மரத்தூள் குவியலில், ஜூன் மழை தொடங்கியதிலிருந்து ஒரு காளான் கொத்துக்கொத்தாக முளைக்கிறது. குடையின் அகலம் 6 செ.மீ.; வெண்மையான பரப்பில் செம்பழுப்புச் செதில்கள், நடுவில் நெருங்கிக் கருத்திருக்கின்றன. காம்பில் மெல்லிய வளையம் உண்டு; அடியில் பை போன்ற உறை இல்லை. நகத்தால் கீறினால் சதை முதலில் மஞ்சளாகி, சற்று நேரத்தில் சிவந்துவிடுகிறது. கைபேசிச் செயலியில் 3 படங்களை இட்டேன். 3 வெவ்வேறு பெயர்கள் வந்தன. அடுத்த வீட்டுக் கன்னட அம்மா, தம் ஊரில் சமைக்கும் அணபெ (காளான்) இதுதான் என்கிறார்.

மழைநடை:
அந்த அம்மாவிடம் சமைக்க வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள், ஐயா. கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக்காளான், இளம் நிலையில் செவுள்கள் (குடையின் அடியில் உள்ள தகடுகள்) வெண்மையாக இருப்பதால் உண்ணத்தக்க காளான் போலவே தோன்றும். ஸ்போர்கள் (விதை போன்ற நுண்தூள்) முதிர்ந்த பின்பே செவுள்களில் பச்சைச் சாயல் ஏறும். எனவே, உதிரும் ஸ்போர்ப் படிவின் நிறத்தைப் பார்க்க, விரிந்த குடை ஒன்றைக் காம்பு நீக்கி, பாதி வெள்ளைத் தாளிலும் பாதி கறுப்புத் தாளிலும் படுமாறு கவிழ்த்து, டம்ளரால் மூடி இரவு முழுவதும் வையுங்கள்.

அல்சூர்வாசி:
செய்து பார்த்தேன். கறுப்புத் தாளில் தூய வெண்படிவு தெளிவாகத் தெரிகிறது. பச்சை சிறிதும் இல்லை.

செவுள்நோக்கி:
அப்படியானால் மாலிப்டைட்டிஸ் இல்லை. வெண்ஸ்போர், வளையம், மரத்தூள், மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும் சதை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்கையில், லியூகோஅகாரிகஸ் பேரினத்தின் பைலோசெல்லி பிரிவை நினைக்கிறேன். செவுளில் ஒரு துளி அம்மோனியா இடுங்கள். பச்சையாக மாறினால் இக்கருத்து வலுப்பெறும். அப்பிரிவின் மெலியாகிரிஸ் சிற்றினத்தோடு உங்கள் விவரிப்பு ஒத்துப்போகிறது. ஆனால் 1869-இல் பூஞ்சையியலாளர் பெக் அமெரிக்காவிலிருந்து விவரித்த அமெரிக்கானஸ் சிற்றினமும் இவ்வாறே சிவக்கும். படத்தை வைத்து இவ்விரண்டையும் பிரிப்பது சரியன்று. ஸ்போர்களையும் செவுள் விளிம்பின் சிஸ்டிடியங்களையும் (தனி வடிவம் கொண்ட செல்கள்) நுண்ணோக்கியில் அளந்தாக வேண்டும்.

நம் பகுதிக்கு நெருக்கமான ஒப்பீடு வேண்டுமானால், கேரளத்தின் லியூகோஅகாரிகஸ், லியூகோகாப்ரினஸ் இனங்களைப் பற்றி அருண்குமாரும் மணிமோகனும் 2009-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். இவ்விரு பேரினங்களுக்கும் இடையிலான எல்லையே மரபணு ஆய்வுகளில் குழம்பிக் கிடக்கிறது என்பதால், ஒரு சிற்றினப் பெயரை அவசரப்பட்டுச் சூட்டுவதை நான் விரும்பவில்லை. 2012-இல் பூஞ்சைகளின் பொது அடையாளக் குறியாக முன்மொழியப்பட்ட ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியின் வரிசையைப் பெற்றாலும், தரவுத்தளத்தில் தவறான பெயரோடு இடப்பட்ட வரிசைகள் உண்டு. காய்ந்த மாதிரி கையில் இருந்தால்தான் பின்னால் சரிபார்க்க முடியும்.

ஆகவே மொட்டு முதல் முதிர்ந்தது வரை 5 காளான்களை அடியோடு எடுத்து, நிறமாற்றத்தை நேரத்தோடு எழுதி, 40 டிகிரியில் உலர்த்தி, சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சிவக்கும் குணம் உலர்ந்த மாதிரியில் தெரியாது; அதை உங்கள் குறிப்பு மட்டுமே சொல்லும்.

அல்சூர்வாசி:
நன்றி, ஐயா. அம்மோனியா வாங்கிவிட்டேன்; நாளைக் காலை புதிதாக முளைப்பதில் சோதித்து, படத்துடன் இங்கேயே எழுதுகிறேன். அந்த அம்மாவும் சமைக்கவில்லை.